பில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது யாருடைய வேலை?

2019 டிசம்பர் 1 ஆம் திகதி முதல் 2024 ஜனவரி 1 ஆம் திகதி வரையிலான காலத்தில் எமது நாட்டின் பெறுமதி சேர் வரி, அதாவது கடையில் நாம் 'வற்' என்று சொல்வது, நான்கு தடவைகள் மாற்றப்பட்டது. முதலில் 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைந்தது. 2022 ஜூன் மாதம் 12 ஆகியது. மூன்று மாதம் கழித்து செப்டெம்பரில் மீண்டும் 15 ஆகியது. 2024 புதுவருட தினத்தில் 18 ஆகியது. பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை என்று ஊவாவின் எந்தக் கடைவீதியை எடுத்தாலும், கணினியில் பில் போடும் வியாபாரிகளில் பெரும்பாலானோர் இவ்வாறான சந்தர்ப்பங்களில் செய்வது ஒன்றுதான். மென்பொருள் தந்தவருக்குத் தொலைபேசி எடுப்பார்கள். அவரும் "அப்டேட் போட்டாச்சு முதலாளி, இனிப் பிரச்சினை இல்லை" என்பார். கடை திறக்கும். பில் வரும். பில் வந்தால் சரி என்று நாமும் இருந்துவிடுவோம்.

அந்தப் பில் சரியானதுதானா என்று பார்த்தது யார்? மென்பொருள் எழுதியவர் பார்த்தாரா, கடை முதலாளி பார்த்தாரா, காசாளர் தம்பி பார்த்தாரா? மூவரும் மற்றவர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தால் என்ன நடக்கும்? மென்பொருள் துறையினர் இந்தப் பார்க்கும் வேலையை 'டெஸ்டிங்' என்கிறார்கள். கடந்த பதினைந்து வருடங்களுக்கு மேலாக உலகெங்கும் பரவியுள்ள 'டெவ்ஒப்ஸ்' எனும் வேலைமுறை, இந்தச் சோதனை வேலையை ஒருவருடைய தலையிலிருந்து எடுத்து எல்லோருடைய கையிலும் கொடுத்துவிட்டது. அந்த 'எல்லோரும்' என்பதற்குள் வாடிக்கையாளராகிய நீங்களும் அடக்கம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் 2024 ஜனவரி மாற்றத்தைச் சற்று ஆழமாகப் பார்ப்போம். வெளியிலிருந்து பார்த்தால் 15 என்ற இலக்கத்தை 18 ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அன்றைய தினம் வீதம் மட்டும் மாறவில்லை. அதுவரை வரியிலிருந்து விலக்கப்பட்டிருந்த பல பொருட்களுக்கு விலக்கு நீக்கப்பட்டது. கைத்தொலைபேசி அவற்றுள் ஒன்று. பெற்றோல், டீசல், சமையல் எரிவாயு ஆகியவையும் அவ்வாறே. ஆகவே வரிக்குப் பதிவு செய்த கைத்தொலைபேசிக் கடையொன்றில், எல்லா 15 ஐயும் தேடி 18 ஆக மாற்றும் அப்டேட் பொருத்தப்பட்டிருந்தால், தொலைபேசிக் கவருக்கு 18 வீதம் விழும். தொலைபேசிக்கு ஒன்றும் விழாது. பில் வரும், இயந்திரம் கத்தாது, திரையில் சிவப்பு எழுத்து வராது. ஆனால் பில் பிழை.

இன்னொன்று. 1,000 ரூபா பெறுமதியான பொருளை 15 வீத வரியோடு 1,150 ரூபாவுக்கு டிசம்பர் 29 ஆம் திகதி விற்றீர்கள். வாடிக்கையாளர் ஜனவரி 3 ஆம் திகதி அதைத் திருப்பிக் கொண்டுவருகிறார். மென்பொருள் அந்தப் பொருளை எந்த வீதத்தில் திருப்பி எடுக்கும்? விற்ற நாளின் வீதத்தைப் பார்க்காமல் இன்றைய வீதத்தைப் போட்டால் 1,180 ரூபா திருப்பிக் கொடுக்கச் சொல்லும். வாங்கியவருக்கு முப்பது ரூபா இலாபம்! மூன்றாவது, விலைக்குள்ளேயே வரி அடங்கிய பொருள். 1,180 ரூபாவுக்குள் அடங்கியுள்ள வரி 180 ரூபா. அவசரமாக எழுதப்பட்ட மென்பொருள் 1,180 இன் மேல் 18 வீதம் கணக்கிட்டு 212 ரூபா 40 சதம் என்று காட்டும். ஒரு பில்லில் 32 ரூபா 40 சதம் வித்தியாசம். ஒரு காலாண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

இந்த மூன்று பிழைகளையும் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. ஒரு நாள் முன்னதாக மூன்று பில் போட்டுப் பார்த்திருந்தால் போதும். அந்த மூன்று பில்லும் எவை என்று யாருக்குத் தெரியும் என்பதுதான் விஷயம். கொழும்பில் இருந்துகொண்டு மென்பொருள் எழுதும் இளைஞருக்கு உங்கள் கடையில் பொருள் திருப்பி எடுக்கும் வழக்கம் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியும்.

டெவ்ஒப்ஸ் என்றால் என்ன?

முன்னைய காலத்து மென்பொருள் கொம்பனிகளில் மூன்று அறைகள் இருந்தன எனலாம். முதல் அறையில் இருப்பவர்கள் மென்பொருளை எழுதுவார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ எழுதி முடித்து இரண்டாவது அறைக்குத் தள்ளுவார்கள். அங்கிருப்பவர்கள் சோதிப்பார்கள். பிறகு மூன்றாவது அறை. அங்கே சேர்வர்களை இரவு பகலாக இயக்கிக்கொண்டிருப்பவர்கள். எழுதுபவருக்குப் புதிதாக ஏதேனும் கொடுக்க வேண்டும் என்ற அவசரம். இயக்குபவருக்கு எதையும் மாற்றாமல் இருந்தால் நிம்மதி. இரு தரப்பும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருப்பது வழக்கம். நடுவில் இருந்த சோதனையாளர் நிலைதான் பரிதாபம். திகதி நெருங்கிவிட்டால் முதலில் வெட்டப்படுவது அவருக்குரிய நாட்களே.

2009 ஜூன் மாதம் அமெரிக்காவில் நடந்த மாநாடொன்றில், படங்களைப் பகிரும் பிளிக்கர் தளத்தின் பொறியியலாளர்களான ஜோன் ஓல்ஸ்போவும் போல் ஹேமண்டும், தாங்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் மாற்றங்களை வெளியிடுவதாகக் கூறியபோது பலரால் நம்ப முடியவில்லை. அதே வருடம் ஒக்டோபரில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பட்ரிக் டெபுவா என்பவர் ஒரு கூட்டத்தை நடாத்தினார். எழுதுவோரைக் குறிக்கும் 'டெவ்' என்பதையும் இயக்குவோரைக் குறிக்கும் 'ஒப்ஸ்' என்பதையும் ஒட்டி அதற்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இதனை ஒரு மென்பொருள் என்றோ, காசு கொடுத்து வாங்கும் பெட்டி என்றோ சிலர் விற்கிறார்கள். அப்படியல்ல. அறைகளுக்கு இடையிலுள்ள சுவரை உடைத்து, சிறிய சிறிய மாற்றங்களாகச் செய்து, ஒவ்வொன்றையும் உடனுக்குடன் சோதித்து வெளியிடும் பழக்கம்தான் அது.

நாளொன்றுக்குப் பத்துத் தடவை வெளியிடுவதென்றால் பத்துத் தடவையும் மனிதர்கள் உட்கார்ந்து சோதிக்க முடியாது. ஆகவே சோதனைகளையே எழுதி வைத்துவிடுகிறார்கள். 'இந்தப் பொருள், இந்தத் திகதி, இந்த விலை. விடை இவ்வளவு வர வேண்டும்' என்று நூற்றுக்கணக்கான சிறு கணக்குகள். எவராவது ஒரு வரியை மாற்றியவுடன் எல்லாக் கணக்குகளும் தாமாகவே ஓடும். ஒன்று பிழைத்தாலும் அந்த மாற்றம் வாசலைத் தாண்டாது. புதிய வசதி வேலை செய்கிறதா என்று பார்ப்பதைவிட, புதியதைச் சேர்த்ததனால் பழையது கெட்டுவிட்டதா என்று பார்ப்பதே இங்கு பெரிய வேலை என்பதைக் கவனிக்கவும்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போன எவருக்கும் இது புதிய விடயமாக இருக்காது. டீமேக்கர் எப்போது சோதிக்கிறார்? பெட்டியில் அடைத்த பிறகா? கொழுந்து வந்து இறங்கும்போதே இரண்டு இலை ஒரு அரும்பு எவ்வளவு, முற்றல் எவ்வளவு என்று பார்க்கிறார். வாட்டும் தட்டில் கையால் அமுக்கிப் பார்க்கிறார். உருட்டிய பிறகு நிறத்தையும் மணத்தையும் பார்க்கிறார். நொதித்தல் கூடிப்போனால் அதைத் திருப்ப முடியாது என்பதால் அந்த இடத்தில் அவரது மூக்கு மிகவும் உஷாராக இருக்கும். கடைசியில் கோப்பையில் ஊற்றிச் சுவைப்பது, ஏற்கனவே தெரிந்ததை உறுதிப்படுத்திக்கொள்ளவே. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்கு வரும் தனி மணத்துக்கு நல்ல விலை கிடைக்கிறது. அந்த மணத்தை இடையில் எங்காவது இழந்துவிட்டு, கொழும்பில் சுவைஞர் சொல்லித்தான் தெரிந்துகொள்வதென்றால் அந்த வாரத்து உற்பத்தி முழுவதும் போனது போனதுதான். பழைய பாணி மென்பொருள் கொம்பனிகள் அப்படித்தான் வேலை செய்துவந்தன.

பதுளையில் 2005 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கு ஒரு பட்டப்படிப்பும் கணினி விஞ்ஞானத்துக்கு இன்னொன்றும் இருக்கின்றன. இரு வகுப்பு மாணவர்களையும் ஒரு நாள் ஒரே மேசையில் இருத்தினால் எவ்வளவோ பேசிக்கொள்வார்கள்!

தேயிலையும் மென்பொருளும் சந்திக்கும் இடம்

கொழும்புத் தேயிலை ஏலம் 1883 ஆம் ஆண்டு ஆரம்பமானது. அன்று முதல் மண்டபத்தில் அமர்ந்து வாய்விட்டு விலை கேட்டே வாங்கினார்கள். 2020 மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு வந்ததும் மண்டபத்தில் கூட முடியாமல் போனது. அடுத்த மாதமே, 2020 ஏப்ரல் தொடக்கத்தில், கொழும்புத் தேயிலை வர்த்தகர் சங்கம் ஏலத்தை இணையத்துக்குக் கொண்டுசென்றது. நூற்று முப்பது வருடங்களுக்கு மேலான ஒரு வழக்கம் சில வாரங்களில் மாறியது. ஹப்புத்தளையிலோ மடுல்சீமையிலோ உள்ள தொழிற்சாலையின் ஒரு வார உற்பத்திக்கு என்ன விலை என்பது அன்று முதல் ஒரு மென்பொருளின் ஊடாகவே தீர்மானமாகத் தொடங்கியது.

மண்டபத்தில் இருவர் ஒரே நேரத்தில் கை தூக்கினால் ஏலம் விடுபவர் கண்ணால் பார்த்துத் தீர்ப்பார். திரையில் இருவர் ஒரே விநாடியில் ஒரே விலையை அழுத்தினால்? வாங்குபவரின் இணைப்பு நடுவில் அறுந்து மறுபடி வந்தால், அவர் கடைசியாகக் கேட்ட விலை நிற்குமா, நீங்குமா? ஒருவர் 1,050 என்று எழுத நினைத்து 10,050 என்று எழுதிவிட்டால் மென்பொருள் ஒரு தடவை கேட்குமா? இவ்வாறான அமைப்பை உருவாக்குபவர் முதல் நாளிலிருந்தே கேட்க வேண்டிய கேள்விகள் இவை. இவற்றை எழுப்பக்கூடியவர் ஏல மண்டபத்தில் வருடக்கணக்கில் இருந்த தரகரும் வாங்குபவருமே அன்றி, கணினி வல்லுநர் மட்டுமல்ல.

ஏலத்தைவிட எமது கடைகளுக்கு நெருக்கமானது தோட்டத்துச் செக்ரோல். தோட்டத் தொழிலாளியின் சம்பளம் மாதத்தின் 10 ஆம் திகதியை அண்டிக் கிடைக்கிறது. நகரத்துக் கடைக்காரரின் கடன் கொப்பியும் அன்றுதான் திறக்கிறது. எனவே செக்ரோல் கணக்கு பிழைத்தால், பிழை தோட்டத்தோடு நிற்பதில்லை. மறுநாள் கடைக்கு வந்து சேரும்.

செக்ரோலை மென்பொருளில் போடுவதாக வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட கிலோ பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். தோட்டத்துக்குத் தோட்டம் அளவு வேறுபடும். உதாரணத்துக்கு 18 கிலோ என்போம். 2024 செப்டெம்பரில் வர்த்தமானி மூலம் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா அடிப்படை நாட்கூலியை எடுத்துக்கொண்டால் அரைப்பேர் 675 ரூபா. இப்போது ஒரு தாயின் கொழுந்து தராசில் 20 கிலோ காட்டுகிறது. சாக்குக்கும் ஈரத்துக்கும் 2 கிலோ கழிக்கிறார்கள். மீதி சரியாக 18. மென்பொருளில் '18 இற்கு மேல்' என்று எழுதியிருந்தால் அவருக்கு அரைப்பேர். '18 உம் அதற்கு மேலும்' என்று எழுதியிருந்தால் முழுப்பேர். ஒரு சொல்லில் 675 ரூபா.

இன்னும் நுட்பமாகப் பாருங்கள். மின்தராசு 17.96 என்று உள்ளே அனுப்புகிறது. திரை ஒரு தசமம் மட்டும் காட்டுவதால் 18.0 என்று தெரிகிறது. தொழிலாளியும் கணக்கப்பிள்ளையும் 18 என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். மாத முடிவில் அரைப்பேர் விழுந்திருக்கிறது. யார் யாரைக் குறை சொல்வது? சண்டை வரும், நம்பிக்கை போகும். இதனால்தான் அனுபவமுள்ள சோதனையாளர்கள் நடுவில் உள்ள இலக்கங்களில் நேரத்தை வீணாக்குவதில்லை. 25 கிலோவில் எந்த மென்பொருளும் சரியாகத்தான் காட்டும். 17.9, 17.96, 18, 18.1 என்று விளிம்பில் நின்று சோதிக்க வேண்டும். உங்கள் கடையிலும் விளிம்புகள் உண்டு: சில்லறை விலை மொத்த விலையாக மாறும் எண்ணிக்கை, கடன் எல்லை, காலாவதியாகும் திகதி, மாதத்தின் கடைசி நாள் இரவு 11.59 மணி.

விளிம்பைவிடக் கடினமானது, விடை என்ன என்றே எவரும் தீர்மானிக்காத இடம். 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலியை 1,550 ரூபாவாக உயர்த்தவும், அரசாங்கத்தின் பங்காக நாளொன்றுக்கு 200 ரூபா வருகைக் கொடுப்பனவு சேர்க்கவும் முன்மொழியப்பட்டது. சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதிக்காகத் தொழில் வழங்குநர் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்காக 3 வீதமும் செலுத்த வேண்டும். அந்த 200 ரூபாவுக்கும் இது பொருந்துமா, பொருந்தாதா? பொருந்துமென்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 ரூபா. 400 பேர் 25 நாள் வேலை செய்யும் தோட்டத்தில் ஒரு மாதத்துக்கு 3 இலட்சம் ரூபா. இக்கேள்விக்குச் சட்டம் தெரிந்தவரும் நிர்வாகமும் எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், மென்பொருள் எழுதும் இளைஞர் தனக்குத் தோன்றியதை எழுதிவிட்டுப் போவார்; அவர் மீது குற்றமும் சொல்ல முடியாது. சோதனையின் பாதி, கணினியைத் தொடுவதற்கு முன்பே, இவ்வாறு கேள்வி கேட்பதில்தான் இருக்கிறது.

கடைக்காரர்களைச் சிறைக்கு அனுப்பிய மென்பொருள்

இது என்ன பெரிய விடயம், சில நூறு ரூபா முன்பின்தானே என்று நினைப்பவர்கள் பிரித்தானியத் தபால் நிறுவனத்தின் கதையை அறிந்துகொள்வது நல்லது. அங்கு சிறிய ஊர்களில் தபாலகத்தை நடாத்துபவர்கள் எம்மைப் போன்ற கடைக்காரர்களே. பலசரக்குக் கடையின் ஒரு மூலையில் தபாலகக் கவுண்டர் இருக்கும். அவர்களில் தென்னாசிய வம்சாவளியினரும் பலர். 1999 ஆம் ஆண்டளவில் பியூஜிட்சு கொம்பனியின் 'ஹொரைசன்' எனும் கணினி அமைப்பு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. சிறிது காலத்தில் பலருடைய கணக்கில் பணம் குறையத் தொடங்கியது. குறைந்த பணத்தைக் கையிலிருந்து போட வேண்டும் என்பது ஒப்பந்தம். போட முடியாதவர்கள் மீது திருட்டு வழக்கு. 2015 வரையில் 900 இற்கும் அதிகமானோர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டனர்.

பிழை மென்பொருளில் இருந்தது. 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் அதைத் தீர்ப்பாகவே சொன்னது. 2024 மே மாதம் பாராளுமன்றம் சட்டமியற்றி அந்தப் பழைய தண்டனைகளை மொத்தமாக நீக்கியது. அமைப்பில் இருந்த பிழைகளுள் ஒன்றைக் கேளுங்கள். ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டன் எனும் ஊரில் 2015 இல் ஒரு தபாலக நடத்துநர் 8,000 பவுண் பணத்தைக் கிளைக்கு மாற்றிப் பதிந்தார். திரை அசையாமல் நின்றது. எவரும் செய்வதைப் போலவே அவரும் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினார். பணம் நான்கு தடவை பதிவானது. 24,000 பவுண் குறை! பொறுமையிழந்த விரல் ஒன்று நான்கு தடவை அழுத்தினால் என்ன ஆகும் என்று வெளியிடுவதற்கு முன் எவராவது அழுத்திப் பார்த்திருந்தால் போதும். இன்றே உங்கள் பில் இயந்திரத்தில் பத்து ரூபாப் பொருளொன்றைப் போட்டு, பொத்தானை நான்கு தடவை வேகமாக அழுத்திப் பாருங்கள்.

இங்கு கவனிக்க வேண்டிய மற்றொன்று, கடைக்காரர்கள் பிழையை அறிவித்தபோது அது எழுதுபவரின் காதுக்குப் போய், திருத்தமாகி, சோதனையாகித் திரும்பி வரும் பாதை அடைபட்டிருந்தது என்பதாகும். கணினி சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டார்கள். டெவ்ஒப்ஸ் முறையில் வாடிக்கையாளரிடமிருந்து வரும் ஒவ்வொரு முறைப்பாடும் ஒரு புதிய சோதனையாக எழுதப்பட வேண்டும் என்பது நியதி. அந்தப் பிழை மீண்டும் ஒருபோதும் வாசலைத் தாண்டக்கூடாது. உங்கள் மென்பொருள் கொம்பனியிடம் கேட்கக்கூடிய நல்ல கேள்வி இதுதான்: "போன வருடம் நான் சொன்ன பிழையைத் திருத்தினீர்கள் அல்லவா, அது மறுபடி வராமல் பார்க்க என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்?" பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே ஒரு பதில்.

எவ்வளவு சோதித்தாலும் சில பிழைகள் உண்மையான வேலையில்தான் வெளிவரும். அதற்காகவே சிறிய இடத்தில் முதலில் போட்டுப் பார்ப்பது. இதில் எமது நாட்டுக்காரர்களின் உதாரணமே உண்டு. 1996 இல் இலங்கையில் ஆரம்பிக்கப்பட்ட மிலேனியம் ஐடி கொம்பனியை 2009 இல் லண்டன் பங்குச் சந்தை மூன்று கோடி டொலருக்கு வாங்கியது. அதன் மென்பொருளைத் தனது பிரதான சந்தையில் உடனே போட்டுவிடவில்லை. தனக்குச் சொந்தமான டர்கொயிஸ் எனும் சிறிய சந்தையை 2010 ஒக்டோபரில் முதலில் மாற்றியது. நவம்பர் தொடக்கத்தில் அங்கு ஒரு தடை ஏற்பட்டது. பிரதான சந்தை 2011 பெப்ரவரி 14 ஆம் திகதியே மாறியது. பதினொரு நாள் கழித்து அங்கும் ஒரு நாள் காலையில் சில மணித்தியாலங்கள் வர்த்தகம் நின்றது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சோதனை என்பது பிழையே வராது என்ற உத்தரவாதம் அல்ல; பிழை எவ்வளவு சிறிதாக, எவ்வளவு சீக்கிரம் தெரியவரும் என்பதற்கான ஏற்பாடு.

எதிர்மாறான கதை அமெரிக்காவின் நைட் கெப்பிட்டல் கொம்பனியுடையது. எட்டுச் சேர்வர்களில் ஏழில் புதிய மென்பொருளைப் போட்டார்கள். ஒன்றில் போட மறந்தார்கள். எட்டும் ஒன்றா என்று எவரும் சரிபார்க்கவில்லை. 2012 ஓகஸ்ட் 1 ஆம் திகதி முக்கால் மணித்தியாலத்தில் 44 கோடி டொலர் நட்டம். இரண்டு கிளை வைத்திருக்கும் முதலாளிமார், பதுளைக் கடையில் அப்டேட் போட்டு ஹாலி எலக் கடையில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம். வேண்டுமென்றே ஒரு கடையில் ஒரு வாரம் முன்பாகப் போட்டுப் பார்ப்பது நல்ல முறை. தெரியாமல் ஒரு கடையில் விடுபடுவது வேறு.

கடையில் செய்யக்கூடியது

இதற்கெல்லாம் ஆள் வைக்க எம்மால் முடியுமா என்று கேட்பீர்கள். ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். அதில் உங்கள் கடையில் உண்மையில் நடக்கும் இருபது பில்களை எழுதுங்கள். சாதாரண பில் நான்கைந்து போதும். மிகுதி எல்லாம் சிக்கலானவையாக இருக்கட்டும். அரை கிலோ, கால் கிலோ நிறுவைப் பொருள். பாதி காசு, பாதி கடன். கழிவு கொடுத்து வரியும் உள்ள பொருள். வரி உள்ளதும் இல்லாததும் ஒரே பில்லில். போன மாதம் விற்றதைத் திருப்பி எடுப்பது. பில்லின் நடுவில் மின்சாரம் போவது. எமது பகுதியில் இதைச் சோதிக்கத் தனியாக ஏற்பாடு எதுவும் தேவைப்படாது. ஒவ்வொன்றுக்கும் சரியான விடையைக் கையால் கணக்கிட்டு, கணக்காளரிடம் ஒரு தடவை காட்டிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அப்டேட் வந்த ஒவ்வொரு தடவையும் அந்த இருபதையும் போட்டுப் பாருங்கள். ஒரு மணித்தியால வேலை. காசாளரே செய்யலாம், செய்ய வேண்டியவரும் அவர்தான், ஏனென்றால் இயந்திரம் எங்கே தடுமாறும் என்று முதலாளியைவிட அவருக்குத் தெரியும்.

இந்தக் கொப்பியின் பிரதியொன்றை மென்பொருள் தந்தவருக்கும் கொடுத்துவிடுங்கள். நல்ல கொம்பனியாக இருந்தால் சந்தோஷப்படுவார்கள். அவர்கள் அதைத் தமது தானாக ஓடும் சோதனைகளோடு சேர்த்துவிட்டால், நீங்கள் அறியாமலே உங்கள் இருபது பில்களும் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் சோதிக்கப்படும். கொழுந்து வாங்கி விற்பவர்களும் இவ்வாறே நிறுவை, கழிவு, முற்பணம் ஆகியவற்றுக்கு ஒரு கொப்பி வைத்துக்கொள்ளலாம்.

அப்டேட் போடும் நாளையும் நீங்களே தெரிவு செய்யுங்கள். 9 ஆம் திகதி மாலையில் எவரையும் கணினியைத் தொட விடாதீர்கள். பெருநாள், தீபாவளி, சித்திரைப் புதுவருடம் ஆகியவற்றுக்கு முந்திய வாரத்திலும் அவ்வாறே. மாதத்தின் நடுவில் மந்தமான ஒரு செவ்வாய்க்கிழமை காலை உத்தமம். போடுவதற்கு முன் "பிழைத்தால் பழையதற்குத் திரும்ப எத்தனை நிமிடம்?" என்று கேளுங்கள். திரும்பவே முடியாது என்றால், திரும்பும் வழி செய்யும் வரை போட வேண்டாம்.

கடைசியாகப் பெக்கப். பெக்கப் எடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் அமைப்பு கப்பம் கோரும் வைரஸால் தாக்கப்பட்டபோது, அமைப்பைச் சில மணித்தியாலங்களில் மீள இயக்கினார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்களுக்குப் பயன்படுத்தக்கூடிய பிரதி இருக்கவில்லை. பெக்கப்பும் தாக்குதலில் மாட்டிக்கொண்டது. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவர்களுள் அடக்கம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தபோது, எமது கடன் கொப்பிகளும் கணினிகளும் எவ்வளவு பாதுகாப்பற்ற இடத்தில் இருக்கின்றன என்பதை எவரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

ஆகவே இம்மாதம் ஒரு நாள், கடை பூட்டிய பின்னர், போன வாரத்து பெக்கப்பை வேறொரு கணினியில் போட்டுப் பாருங்கள். வீட்டிலுள்ள பிள்ளையின் மடிக்கணினி போதும். திறக்கிறதா? கடன்காரர் பட்டியல் முழுமையாக இருக்கிறதா? மொத்த நிலுவை அன்றைய கொப்பியோடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போனால் திகதியைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் மறுநாள் காலையிலேயே மென்பொருள் தந்தவருக்குத் தொலைபேசி எடுங்கள்.